மணமேடையும் மக்களாட்சியும்

பெரும்பான்மை என்பது ஓர் எண். நீதி என்பது ஓர் எண்ணம். எண்ணைக் கொண்டு ஆட்சியை அமைக்கலாம். எண்ணைக் கொண்டே நீதியையும் அளந்துவிட முடியுமா? முடியும் என்பார் சிலர். முடியாது என்பார் சிலர். இரண்டையும் ஆராயாமலேயே, "ஊர் ஒப்பவில்லை, ஆகவே உரிமை இல்லை" என்று கதவைச் சாத்திவிடுவோர் பலர். சாத்தப்பட்ட அந்தக் கதவின் வெளியே நிற்போரைப்பற்றித்தான் இங்கே சிந்திக்கிறோம்.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் புதுடில்லி உச்சநீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் கூடிய அரசியல் சட்ட அமர்வு ஒரு தீர்ப்பை வழங்கிற்று. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இணைந்து வாழ விரும்பினால், 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தின்கீழ் அவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது வழக்குத் தொடுத்தோரின் வேண்டுகோள். பத்து நாள் வாதம் நடந்தது. திருமணம் செய்துகொள்ளுதல் அரசியல் சட்டம் அளித்துள்ள அடிப்படை உரிமை அன்று என்றனர் ஐவரும். திருமணம் என்ற பெயர் வேண்டாம், இணைந்து வாழும் வாழ்வுக்கேனும் சட்டத்தின் ஏற்பு வேண்டும் என்றனர் இருவர். அதுவும் இயலாது என்றனர் மூவர். மூவர் இருவரினும் மிகுதி. ஆகவே மறுப்பே தீர்ப்பாயிற்று. சட்டம் செய்வது சட்டமன்றங்களின் கடமை, அங்கே செல்க என்று வழிகாட்டப்பட்டது. மறு ஆய்வு கோரிய மனுக்களும் 2025 சனவரியில் தள்ளப்பட்டன.

வழக்குமன்றம் சட்டமன்றத்தைக் காட்டுகிறது. சட்டமன்றம் மக்களைக் காட்டுகிறது. மக்களிலே பெரும்பாலோர் மதத்தைக் காட்டுகின்றனர். மதமோ வானத்தைக் காட்டுகிறது! வானத்துக்கு மனுப் போட்டு விடை பெற்றவர் எவரும் இல்லை. அதுவரை அந்த இருவர் எங்கே நிற்பது?

கேட்பது என்ன?

அவர்கள் கேட்பது கோவில் மணி ஒலிக்க வேண்டும் என்பதா? மாதாகோவில் பாதிரியார் வாழ்த்த வேண்டும் என்பதா? இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்திலே, அரசாங்கத்தின் ஏட்டிலே, இரண்டு பெயர்களை அடுத்தடுத்து எழுதுங்கள் என்கின்றனர். அவ்வளவே.

அந்த ஒரு வரி இல்லாததால் வரும் இடர் அவ்வளவு சிறியதன்று. இருபது ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இரண்டு பெண்களிலே ஒருத்தி நோயில் வீழ்கிறாள் என்று கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பம் இட வேண்டும், "நீ யார்?" என்று கேட்கிறது மருத்துவமனை. "தோழி" என்கிறாள். தோழிக்கு ஒப்பமிடும் தகுதி ஏது? எட்டு ஆண்டாக எட்டிப் பார்க்காத அண்ணனைத் தேடி ஆள் ஓடுகிறது. அவள் இறந்துபோனால் உடல் அண்ணனுக்கு, வீடு அண்ணனுக்கு, பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதியமும் சட்டம் சொல்லும் குடும்பத்தாருக்கு. உடன் வாழ்ந்து, உழைத்து, ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்தவளுக்கு? ஆறுதல் கூறவும் ஆள் இராது. ஏனெனில் அவள் இழந்தது இன்னாரை என்று சொல்ல, ஊரிடம் ஒரு சொல்கூட இல்லை.

2024-இல் ஒன்றிய அரசு சில சிறு சலுகைகள் தந்தது. இணையர் இருவரை ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம் என்றது. வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நியமனதாரராகக் குறிக்கலாம் என்றது. வரவேற்கிறோம். ஆனால் அரிசி வாங்கும்போது குடும்பம், ஆஸ்பத்திரியிலே அந்நியர் என்றால், அது எந்த ஊர் நியாயம்? குடும்பம் என்பதை ஒப்புக்கொண்டுதானே அட்டை தருகிறீர்கள்? அட்டைக்கு ஒப்புக்கொண்டதை ஏட்டுக்கு ஒப்புக்கொள்ளத் தடை எது?

பாவமும் குற்றமும்

தடை மதம் என்பதை மறைப்பார் இல்லை. 2023 மார்ச்சிலே ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் தாக்கல் செய்த உறுதிமொழி ஆவணம், இந்துக்களிடையே திருமணம் புனிதச் சடங்கு, இஸ்லாமியரிடையே ஒப்பந்தம், எப்படியாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேதான் என்று வாதிட்டது. ஜமியத் உலமா-இ-ஹிந்த் அமைப்பும் வழக்கில் எதிர்த்து நின்றது. இந்துச் சாமியார்களின் சங்கமும் எதிர்த்து நின்றது. ஒருவர் பள்ளிவாசலை மற்றவர் பொறுக்காத காலத்திலே, ஒருவர் ஊர்வலத்தை மற்றவர் மறிக்கும் நாட்டிலே, இந்த ஒன்றிலே மட்டும் எத்துணை ஒற்றுமை! பிறர் உரிமையை மறுப்பதில்தானா மதங்களுக்குள் சமரசம் மலர வேண்டும்?

எனினும் மதவாதியின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துவைத்தே விடை கூற வேண்டும். அவர் சொல்வது இது: "எங்கள் வேதம் இதனைப் பாவம் என்கிறது. பாவத்துக்குச் சட்டம் பட்டுக்குடை பிடித்தால், எங்கள் நம்பிக்கை அவமதிக்கப்படுகிறது. நம்பிக்கையாளரும் குடிமக்கள்தாமே?"

ஆம், குடிமக்கள்தாம். அவர்கள் தங்கள் கோவிலில், தங்கள் மசூதியில், தங்கள் சர்ச்சில் எந்த மணத்தை நடத்துவது, எதை மறுப்பது என்று முடிவு செய்ய முழு உரிமை பெற்றவர்கள். எந்தப் புரோகிதரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து மந்திரம் சொல்லச் செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவரை அழைக்காமலே மணம் நடத்தப் பழகியவர்கள் நாம்! ஆனால் பதிவு அலுவலகம் கோவில் அன்று. அங்கே உள்ள மேசையும் நாற்காலியும் மையும் காகிதமும் எல்லார் வரிப்பணத்தாலும் வாங்கியவை. 2015-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலே ஒரு கவுண்டி எழுத்தர், தம் சமய நம்பிக்கையைக் காட்டித் தன்பால் இணையருக்கு மண உரிமம் தர மறுத்தார். நீதிமன்ற ஆணையையும் மீறினார். ஐந்து நாள் சிறையிருந்தார். அவர் தம் இல்லத்தில் எதை நம்பினாலும் கேட்பார் இல்லை. அரசாங்க முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தம் தெய்வத்தின் முத்திரை என்று எண்ணியதுதான் பிழை.

பாவம் வேறு, குற்றம் வேறு என்பதை மதத் தலைவரே ஒப்புக்கொண்ட வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1957-இல் உல்பெண்டன் குழு, வயது வந்த ஆண்கள் இருவர் மனமொப்பித் தனிமையில் உறவு கொள்வது குற்றமாக இருத்தல் கூடாது என்று அறிக்கை தந்தது. காண்டர்பரிப் பேராயராக இருந்த மைக்கேல் ராம்சே அதைப் பாவம் என்றே கருதியவர். ஆயினும் பாவமெல்லாம் குற்றமாக வேண்டியதில்லை என்று கூறிப் பிரபுக்கள் சபையிலே சீர்திருத்தத்தை ஆதரித்தார். அங்கி அணிந்தவருக்கு விளங்கியது, நம் நாட்டில் அரசியல் அணிந்தவருக்கு விளங்க மறுப்பானேன்?

அந்த அறிக்கையை ஒட்டி எழுந்த சொற்போர் இன்றும் படிக்கத்தக்கது. நீதிபதி டெவ்லின் 1959-இல் வாதிட்டார்: ஒரு சமுதாயத்தைக் கட்டி நிறுத்துவது பொதுவான ஒழுக்க உணர்வு, சாமானிய மனிதன் ஒரு செயலைக் கண்டு உள்ளம் கொதித்து அருவருப்பானாயின், அதனைத் தடுக்கச் சட்டத்துக்கு உரிமை உண்டு. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஹார்ட் விடையிறுத்தார்: கொதிப்பும் அருவருப்பும் காரணங்கள் ஆகா; அந்த உணர்வு அறியாமையில் விளைந்ததா, மூடநம்பிக்கையில் முளைத்ததா என்று ஆராய்ந்த பிறகே சட்டம் கை ஓங்க வேண்டும்.

இந்த இருவரில் யார் பக்கம் நியாயம் என்று அறிய, தமிழன் ஆக்ஸ்போர்டுக்குப் போக வேண்டியதில்லை. சாமானிய மனிதனின் அருவருப்பே அளவுகோலாயின் வைக்கம் தெருக்கள் எப்படித் திறந்திருக்கும்? தாழ்த்தப்பட்டோர் ஆலயத்துள் நுழைந்தபோது கொதிக்காத உள்ளமா? கைம்பெண் மறுமணம் செய்தபோது அருவருக்காத முகமா? அருவருப்பு என்பது பழக்கத்தின் பிள்ளை. பழக்கம் மாறினால் பிள்ளையும் இடம் மாறும்.

சிறு தொகை என்ற சொல்

இந்த மண்ணின் பண்பாடு இதை ஏற்காது என்கிறார்கள். ஏற்காத பண்பாட்டின் பெயரால் அவர்கள் தூக்கிப்பிடித்த சட்டம் எந்த மண்ணில் விளைந்தது? இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு மெக்காலேயின் வழியில் வந்தது. 1860-இல் வெள்ளையர் ஆட்சி இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டு, 1859-இல், இலண்டனிலே ஜான் ஸ்டூவர்ட் மில் தனிமனித உரிமைபற்றிய தம் நூலை வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவன் வாழ்வில் சமுதாயம் தலையிடலாகாது என்பது அதன் சாரம். அந்த மில் பல்லாண்டு கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர்! தங்கள் ஊரில் அச்சான தத்துவத்தைத் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு, தண்டனையை மட்டும் கப்பலேற்றி அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் 1967-இல் தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். பெற்றுக்கொண்ட நாம் 2018 வரை பூசையறையில் வைத்துப் பூப்போட்டோம்!

2009-இல் டில்லி உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை முடக்கியது. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. கொடுத்தபோது கூறிய காரணங்களில் ஒன்று, இவர்கள் மக்கள் தொகையில் மிகமிகச் சிறிய பகுதியினர், நூற்றைம்பது ஆண்டுகளில் தொடுக்கப்பட்ட வழக்குகளும் இருநூறுக்கும் குறைவு என்பது. சிறு தொகையினர் ஆகையால் உரிமை வேண்டாமாம்! பெருந்தொகையினருக்கு உரிமையைக் காக்கச் சட்டம் எதற்கு? அவர்கள் வாக்கே அவர்களுக்கு அரண். எண்ணிக்கையில் இளைத்தவனுக்கு வேலி வேண்டும் என்பதற்காகத்தானே அரசியல் சட்டத்திலே உரிமைகளைத் தனி அத்தியாயமாக எழுதி வைத்தார்கள்? அந்தப் பிழையை 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றமே திருத்தியது. அன்று நீதிபதிகள் துணைக்கு அழைத்தது அம்பேத்கரை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே அவர் சொன்ன கருத்து: அரசியல் சட்ட ஒழுக்கம் தானே முளைக்கும் உணர்வு அன்று, பயிரிட்டு வளர்க்க வேண்டிய ஒன்று, நம் மக்கள் அதை இனித்தான் கற்க வேண்டும். ஊர் ஒழுக்கம் வேறு, அரசியல் சட்ட ஒழுக்கம் வேறு. முன்னது பழக்கம், பின்னது பயிற்சி.

மூன்று நாடுகள், மூன்று வழிகள்

அப்படியானால் மக்களிடம் செல்லவே கூடாதா? நீதிபதிகளே எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டுமா? இது எளிய கேள்வியன்று. மக்களாட்சியை நேசிப்போர் இதைத் தட்டிக்கழிக்கலாகாது. மூன்று நாடுகளைப் பார்ப்போம்.

அயர்லாந்து. கத்தோலிக்க மதம் பள்ளியையும் மருத்துவமனையையும் படுக்கையறையையும் ஆண்ட நாடு. 1993 வரை ஆண்கள் உறவு அங்கே குற்றம். மணமுறிவு உரிமையே 1995-இல்தான், ஏறத்தாழ ஒன்பதாயிரம் வாக்கு மிகுதியால் கிடைத்தது. அதே நாட்டில் 2015 மே 22 அன்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 62 பேர் ஆதரித்தனர். நாற்பத்து மூன்று தொகுதிகளில் எதிர்த்தது ஒன்றே ஒன்று. வெளிநாட்டிலே பிழைக்கச் சென்ற இளைஞர்கள் வாக்களிப்பதற்கென்றே கப்பலிலும் வானூர்தியிலும் திரும்பி வந்தார்கள். வீடுவீடாகச் சென்று, "நான் உங்கள் மகனைப் போன்றவன், எனக்கு இந்த உரிமையைத் தருவீர்களா?" என்று கேட்டார்கள். மக்கள் தந்தார்கள். மதம் மிகுந்த நாட்டிலே மக்களை மாற்ற முடியாது என்போருக்கு அயர்லாந்து விடை.

கலிபோர்னியா. 2008 மே மாதம் மாநில உச்சநீதிமன்றம் உரிமை தந்தது. ஏறத்தாழ 18,000 இணையர் மணந்தனர். நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு, நூற்றுக்கு 52 பேர் "பறித்துவிடு" என்றனர், பறிக்கப்பட்டது. 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் வழியே உரிமை திரும்பிற்று. 2024-இல் மக்களே வாக்களித்து அந்தத் தடைவாசகத்தை நீக்கினர். இன்று 52, நாளை 48! ஒருவருடைய வாழ்க்கை இந்த ஏற்றப்பலகையின் முனையில் அமர்ந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?

தைவான். 2017 மே 24-இல் அரசியல் சட்ட நீதிமன்றம், இரண்டு ஆண்டுக்குள் சட்டம் செய்க என்று ஆணையிட்டது. கிறித்துவக் குழுக்கள் முன்னின்று நடத்திய எதிர்ப்பு இயக்கத்தின் விளைவாக 2018 நவம்பரில் வாக்கெடுப்பு; நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர், குடியியல் சட்டத்தில் மணம் ஆண்-பெண்ணுக்கே என்றனர். நீதிமன்றம் ஒரு பக்கம், மக்கள் தீர்ப்பு மறுபக்கம். நாடாளுமன்றம் என்ன செய்தது? 2019 மே 17-இல், குடியியல் சட்டத்தைத் தொடாமல், தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. தலைப்பிலே "மணம்" என்ற சொல் இல்லை. நீதிமன்ற விளக்கத்தின் எண்ணே தலைப்பு. உள்ளே மணப்பதிவு உரிமை உண்டு! எண்ணிக்கையை மதித்தது, உரிமையையும் காத்தது. குழந்தைகளை இணைந்து தத்தெடுக்கும் உரிமை 2023-இல் அதனோடு சேர்ந்தது.

இந்த மூன்றிலிருந்து நாம் கொள்ளும் முடிவு இது. பாலம் எங்கே கட்டுவது, வரி எவ்வளவு விதிப்பது, யார் ஆள்வது என்பனவற்றை எண்ணிக்கை தீர்மானிக்கட்டும். அங்கே தோற்றவனும் அடுத்த தேர்தலில் வெல்லலாம். ஒருவன் யாரோடு வாழ்வது என்பதில் பக்கத்து வீட்டானுக்கு வாக்கு இல்லை. ஏனெனில் அதனால் பக்கத்து வீட்டானுக்கு இழப்பும் இல்லை. அயர்லாந்து இளைஞர் கதவைத் தட்டிக் கேட்டது அவர்களுடைய பெருந்தன்மை. கேட்க வைத்தது அந்த நாட்டின் குறை. ஆயினும் கதவைத் தட்டும் வேலையை நாம் கைவிட முடியாது. நீதிமன்றம் தரும் உரிமை ஏட்டில் இருக்கும். மக்கள் மனம் தரும் உரிமையே தெருவில் நடமாடும். இரண்டும் வேண்டும். முன்னதற்காகப் பின்னது வரும்வரை காத்திரு என்பது மட்டும் கூடாது.

சுக்கிலநத்தம் சொல்லும் பாடம்

மணத்தைச் சட்டம் மறுப்பது என்றால் என்ன என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்திலே புரோகிதர் இன்றி, மந்திரம் இன்றி, பெரியார் முன்னிலையில் மணம் நடந்தது. அதன் பின்னர் ஆயிரக்கணக்கில் நடந்தன. மாலை மாற்றினார்கள், உறுதி கூறினார்கள், வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் இத்தகைய மணம் ஒன்று வந்தது. சாத்திரம் கூறும் சடங்கும் இல்லை, வழக்கம் என்று ஏற்கத்தக்க தொன்மையும் இல்லை. ஆகவே இது சட்டப்படி மணம் ஆகாது என்றது தீர்ப்பு. அக்கினி வலம் வரவில்லை, ஆகவே மனைவி மனைவி அல்லள்!

அன்று அந்தக் குடும்பங்களில் இருந்த பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டு இல்லறம் நடத்தியவளைச் சட்டம் "நீ யார்?" என்று கேட்டது. ஊர் சிரித்தது. வைதிகர் மகிழ்ந்தனர். பெரும்பான்மையின் வழக்கம் இதுவன்று என்ற அதே வாதம். பண்பாடு கெடும் என்ற அதே கூக்குரல். சட்டமன்றத்துக்குச் செல்க என்ற அதே கைகாட்டல்.

சென்றோம். 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த ஆட்சி, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவர்க்கும் தெரிந்த மொழியில், ஒருவரை ஒருவர் ஏற்பதாகக் கூறி மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். அதற்கு முன் நடந்த மணங்களுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்றது. ஒரே வரியில் ஆயிரமாயிரம் பெண்கள் சட்டத்தின் கண்ணுக்கும் மனைவியர் ஆயினர். வானம் இடிந்து விழவில்லை. மழை பொய்க்கவில்லை. புரோகிதரை அழைக்க விரும்பியோர் இன்றும் அழைத்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.

அதே 1967-இல் அமெரிக்காவிலும் ஒரு தீர்ப்பு. வர்ஜீனியா மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது குற்றமாக இருந்தது. ஆண்டவன் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தது அவை கலக்கக் கூடாது என்பதற்கே என்று எழுதினார் 1959-இல் தண்டனை கொடுத்த நீதிபதி. 1958-இல் எடுத்த காலப் கருத்துக் கணிப்பில், அத்தகைய மணத்தை ஆதரித்த அமெரிக்கர் நூற்றுக்கு நான்கு பேர்! அந்த நான்கு, ஐம்பத்தொன்றாகும்வரை காத்திரு என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தால் ஒரு தலைமுறையின் வாழ்வே கழிந்திருக்கும். 1967 ஜூனில் அத்தடை வீழ்ந்தது. இரண்டு நாடுகள், இரண்டு வழக்குகள். தடையாக நின்றவை ஒரே இணை: ஆண்டவன் பெயரும் ஆட்பலமும்.

நம்மவருக்கு

இனி, வைதிகரை விடுவோம். அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம். பகுத்தறிவு பேசும் தோழர்களிடத்திலேயே நாம் கேட்டிருக்கும் சில ஐயங்கள் உண்டு. அவற்றுக்கு விடை கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

"இது இயற்கைக்கு மாறானது அல்லவா?" என்கிறார் ஒரு தோழர். கடவுளை விட்டவர் அந்த நாற்காலியில் இயற்கையை உட்கார வைத்துவிட்டார்! இயற்கை கட்டளையிடுவதில்லை, தோழரே. அம்மைநோய் இயற்கை, அம்மைக்குத்துதல் செயற்கை. எதை மேற்கொண்டோம்? மேலும், விலங்குகள் பலவற்றில் தன்பால் உறவு காணப்படுவதை உயிரியலார் எழுதி வைத்துள்ளனர். உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இலேயே இதனை நோய்ப் பட்டியலினின்று நீக்கிற்று. இதனை "மாற்றும் மருத்துவம்" என்ற பெயரில் நடக்கும் கொடுமையை, சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021 ஆணையை ஒட்டி, தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அறிவியல் சொல்லிவிட்ட பிறகும் அடம்பிடிப்பவர் பகுத்தறிவாளர் அல்லர். கடவுள் இல்லாத வைதிகர்.

"மேல்நாட்டுச் சரக்கு" என்கிறார் இன்னொருவர். நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. தாய்லாந்தில் 2025 சனவரி 23 முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது. இவை மேல்நாடுகளா? மேல்நாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். இரயிலும் மேல்நாட்டுச் சரக்கு, அச்சு இயந்திரமும் மேல்நாட்டுச் சரக்கு, நாம் எழுதும் இந்த ஏடு வரை. பிறந்த ஊரைக் கேட்டு உண்மையை அளப்பது, பிறந்த குலத்தைக் கேட்டு மனிதனை அளப்பதன் தம்பி.

வேறு சிலர் நன்மை செய்வதாக எண்ணி, பழங்கோவில் சிற்பங்களைக் காட்டுகின்றனர். புராணத்தில் சான்று தேடுகின்றனர். அவர்களுடைய உள்ளம் நல்லது, வழி நமதன்று. சிற்பத்தில் இருப்பதால் சரி என்றால், சாத்திரத்தில் இருப்பதால் சாதியும் சரியாகிவிடும். பழமையில் இடம் இருந்ததா என்பதன்று கேள்வி. இன்றைய மனிதனுக்கு நீதி உண்டா என்பதே.

"திருமணமே பெண்ணைப் பூட்டும் விலங்கு, அந்த விலங்கைக் கேட்டு ஏன் போராட வேண்டும்?" என்று கேட்கும் தோழர் நம் மதிப்புக்கு உரியவர். இது ஆழ்ந்த கேள்வி. ஆனால் விலங்கைத் துறக்கும் உரிமை, அணியும் உரிமை உடையவனுக்கே பொருள்படும். உள்ளே நுழைய அனுமதி உள்ளவர் "எனக்கு வேண்டாம்" என்று வெளியேறுவது துறவு. நுழையவே விடாமல் நிறுத்தப்பட்டவனுக்கு அது பெயர் தீண்டாமை. தவிர, ஆண்டானும் அடிமையும் என்று முன்கூட்டியே வகுத்து வைக்க முடியாத இல்லறம் ஒன்று நம் கண்முன் நடந்தால், ஆண் ஆள்வதற்கும் பெண் அடங்குவதற்கும் பிறந்தவர் என்ற பழங்கதை தானே வலுவிழக்கும். மதவாதியின் அச்சத்துக்கு உண்மையான காரணம் அதுவாகவும் இருக்கலாம்!

"பசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, இதுவா இப்போது?" என்பது கடைசி ஐயம். உச்சநீதிமன்றத்தில் ஒன்றிய அரசும் இதே பல்லவியைப் பாடி, இது நகரத்து மேட்டுக்குடியினரின் கருத்து என்றது. உண்மை என்ன? 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கைப் பாருங்கள். வயது வந்த பெண் ஒருத்தியை அவள் குடும்பத்தாரே அடைத்து வைத்திருந்தனர். அவளுடைய இணையாகிய பெண் ஆட்கொணர்வு மனுப் போட்டாள். அடைக்கப்பட்டவள் தன் விருப்பத்தை நீதிமன்றத்தில் சொன்னாள், விடுதலை பெற்றாள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றனர் நீதிபதிகள். பணம் உள்ளவர் பல ஊர் மாறிப் பிழைத்துக்கொள்வர். வீட்டில் பூட்டப்படுபவள், வேலையிழப்பவள், காவல் நிலையத்தில் அவமதிக்கப்படுபவள் ஏழை வீட்டுப் பெண்தான். சாதி மறுத்து மணந்தவர்களைத் துரத்தும் அதே கைகள்தாம் இவர்களையும் துரத்துகின்றன.

செய்யத்தக்கது

செய்யத்தக்கது என்ன? திருமணச் சட்டம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளது. பாராளுமன்றமும் இயற்றலாம்; மாநிலச் சட்டமன்றமும் இயற்றலாம். 1967-இல் தமிழ்நாடு இயற்றியது அந்த அதிகாரத்தைக் கொண்டுதான். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், இணையர் தங்களுக்குள் குடும்ப உறவு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வழிவகை காணுமாறு மாநில அரசுக்கு யோசனை கூறிற்று. அது முதல் படி. மருத்துவமனையில் ஒப்பமிடும் உரிமை, உடலைப் பெறும் உரிமை, வாடகைக்குக் குடியிருக்கும் உரிமை என்பவற்றுக்கு அந்தப் படியே பேருதவி. முதல் படியை மாடி என்று எண்ணி நின்றுவிடலாகாது. படியே வேண்டாம் என்று தரையிலும் நிற்கலாகாது.

சொல்லும் வேண்டும். 2022-இல் தமிழ்நாடு அரசு இம்மக்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் என்ற சொற்கள் அதன்வழி பரவின. மனிதனை இழித்த பழஞ்சொற்களைத் தமிழிலிருந்து களைந்தவர்கள் இந்த மண்ணினர். வசைச்சொல்லை விடுவதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியதில்லை. அடுத்த மேடையிலே, அடுத்த தேநீர்க்கடையிலே, அடுத்த கேலிப்பேச்சிலே நாமே செய்யலாம்.

கதவையும் தட்ட வேண்டும். 1872-இல் பிரம்ம சமாஜத்தார் வற்புறுத்திப் பெற்ற குடியியல் மணச் சட்டம், "நான் இந்துவும் அல்லன், முகமதியனும் அல்லன், கிறித்தவனும் அல்லன்" என்று எழுதிக் கொடுத்தவர்க்கே மணம் தந்தது. மதத்தைத் துறந்தால்தான் மணம்! அந்த நிபந்தனை முற்றும் நீங்க 1954 வரை, எண்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. இந்துச் சட்டத் திருத்தம் முடங்கியதால் 1951-இல் அம்பேத்கர் பதவியைத் துறந்தார். 1955-56-இல் அத்திருத்தம் பகுதி பகுதியாக நிறைவேறிற்று. எதிர்த்தவர் பேரர்கள் இன்று அச்சட்டத்தின்கீழ்தான் சொத்துப் பிரித்துக்கொள்கின்றனர்! ஒவ்வொரு முறையும் மதம் அழியும் என்றார்கள், மதம் அழியவில்லை. பண்பாடு சாயும் என்றார்கள், பண்பாடு சாயவில்லை. மனிதர் சிலர் நிமிர்ந்தார்கள், அவ்வளவே நடந்தது.

தோழர்களே, உங்கள் தெருவிலும் அந்த இருவர் இருக்கக்கூடும். ஒருவேளை உங்கள் வீட்டிலும். அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்காதீர்கள். இருவர் என்றாலும் உரிமை உரிமைதான். ஒருவர் என்றாலும் நீதி நீதிதான். 1953-இல் சட்டம் நம் வீட்டுப் பெண்களைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்டது. அந்தக் கேள்வி எப்படிச் சுடும் என்று அறிந்த நாம், இன்னொருவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பவர்களின் வரிசையில் நிற்கலாமா?